குன்றிமணிக்குக் குறைவாக

சனிக்கிழமை ஆறு மணிக்கு மேல்
கழகத்தின் பின்னறை எனக்கு.
சாவி தூவான் ஜமால்தீனிடம். பதிவேடும் அவரிடம்.
மின்விசிறி போட விடமாட்டார், மருந்து பறக்குமாம்.
வியர்வை மூக்கு நுனியில் வந்து நிற்கும்.
துடைத்தால் எண்ணிக்கை போய்விடும்,
துடைப்பதில்லை.

பித்தளைக் கோதுகள் இருநூற்றைம்பது.
குத்துவிளக்குத் துலக்கும் அதே பழப்புளியில்
நேற்று ஊறவைத்துக் கழுவியவை.
என் நான்காம் மாடி பல்கனியில், வெள்ளவத்தை வெயிலில்,
வடகம் போலக் காய்ந்தன.
காகம் ஒன்றைத் தூக்கியிருந்தால்
எந்தக் கந்தோரில் போய் என்ன சொல்வது?

மருந்து நிறுக்கும் தராசு செட்டியார் தெருவில் வாங்கியது.
"என்ன நிறுக்கப் போறீங்க?" என்றார் நகைக்கடைக்காரர்.
மிளகு என்றேன்.
கள்ளியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு
குன்றிமணி இரண்டு இலவசமாகத் தந்தார்.
ஒரு கோதுக்குப் போகிற மருந்து
அதில் ஒன்றின் எடைகூட வராது.

சன்னத்துக்குத் தலை மொட்டை.
கடதாசியைத் தவிர வேறெதையும் அது கேட்டதில்லை.
தைத்த இடத்தில்
கணக்குக் கந்தோரில் நான் கோப்புக்குக் குத்துகிற
துளை மாதிரியே
சுத்தமான வட்டம்.

ஏழாம் வகுப்பில் என் பென்சில் பெட்டிக்குள்
ஒரேயொரு கோது இருந்தது.
பஸ் தரிப்பிடத்தில் பொறுக்கியது.
கீழுதட்டில் வைத்து ஊதினால் விசில்.
பம்பலப்பிட்டிச் சோதனைச் சாவடிக்கு நூறு யார் முன்னே
அம்மா அதைக் கண்டாள்.
திட்டவில்லை.
பாண் துண்டொன்றைக் கிள்ளி, அதற்குள் பொதிந்து,
மீனுக்குப் போடுகிறவள்போல்
கால்வாயில் போட்டாள்.
மீன்கள் வந்தன. அதைத்தான் நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இப்போது இருநூற்றைம்பதுக்கும்
ஒவ்வொன்றாக என் கையெழுத்து.

ஞாயிறு, போட்டி.
மூன்றாம் தொடரில் இரண்டாவது சூடு
பொக் என்றது.
சோடாப் போத்தல் திறந்ததுபோல,
பக்கத்துப் பெண் திரும்பிக்கூடப் பார்க்காத ஒலி.
விரல் அடுத்ததற்கு ஏற்கெனவே இறுகத் தொடங்கியிருந்தது.
நிறுத்தியது நானா விரலா,
இன்றுவரை தெரியாது.
துவக்கைத் தாழ்த்தினேன். இடக்கையை உயர்த்தினேன்.

குழலின் நடுவே சன்னம்,
லிஃப்டில் சிக்கியவன் மாதிரி.

ஜமால்தீன் மரக்குச்சியை விட்டு
சுத்தியலால் மெல்லத் தட்டினார்.
மேசையில் விழுந்தது.
ஓரத்தில் மட்டும் குழலின் வரிகள்.
"ஃபோன் வந்ததா?" என்றார்.

வந்தது.
வெளியே வைக்கச் சொன்ன ஃபோன், என் சட்டைப்பையில்.
காவலாளி சந்திரபோஸ்:
மிஸ், மோட்டர் எரிஞ்சு போச்சு, தண்ணி ஏறாது.
இரண்டு நிமிடம்.
வைத்துவிட்டுத் திரும்பியபோது
விட்ட இடம் தனக்குத் தெரியும் என்றது கை.
நம்பினேன்.

பதிவேட்டில் எழுதினேன்: ஒன்று, மருந்தில்லை.
"காரணம்?"
தண்ணீர் மோட்டர்.
அவர் சிரிக்கவில்லை. எழுத விட்டார்.

மீதி எல்லாவற்றையும் அன்றிரவே உடைத்தேன்,
சன்னம் வேறு, மருந்து வேறு, கோது வேறாக.
ஒவ்வொன்றையும் திரும்ப நிறுத்தேன்.
எல்லாம் சரி.
ஒன்றாவது பிழைத்திருந்தால்
கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

பத்தரைக்கு வீடு. மோட்டர் இன்னும் எரிந்தபடியே.
கீழ்த் தொட்டியில் வாளியை முக்கி
மாடி ஏறினேன்.
அறுபத்தெட்டுப் படிகள்.
நாற்பதுக்குச் சற்று மேலே ஃபோன் அடித்தது.
அடிக்கட்டும்.
நாற்பத்து மூன்று.
நாற்பத்து நான்கு.
வாளி தளும்பி கால் நனைந்தது.