செவ்வாய்க்கிழமைச் சாவி

இஞ்சேரும்,
இன்றைக்குச் செவ்வாய்.
நிலவறைச் சாவி உம்முடைய குளிர்க்கோட்டுப் பையில் கிடந்தது,
உருகி ஒட்டிய இருமல் இனிப்பொன்றோடு.

கூடைக்குள் இரண்டு சட்டை, ஒரு சாரம்.
கீழே போக நாற்பத்தொரு படி.
நீர் எண்ணியிருக்க மாட்டீர்.
எண்ணுவதற்குக் கை சும்மா இருக்க வேணும்.

கதவில் சலவை அட்டவணை.
செவ்வாய்: கந்தப்பு.
நீர் ஒருநாளும் கண்டிராத என் அப்பரின் பெயர்.
இந்த நாட்டில் முப்பத்தாறு வருஷம்
அவராகத்தான் கையெழுத்துப் போட்டீர்,
பல் வைத்தியரிடம்
அவராகத்தான் வாயைத் திறந்தீர்.

இறங்க வேண்டிய ஊரின் பெயர் தூண் என்றதும்
ரயிலுக்குள் சிரித்தீர்:
"அப்ப கொஞ்சம் சாயலாம்."
சாய்ந்ததை நான் காணவில்லை.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
ஆரோ படுத்தெழும்பிய விரிப்புகளை
நாள் முழுக்க மடித்துவிட்டு வந்து
இங்கே எங்களுடையதை மடித்தீர்.

ஜெனகனின் முதல் நேர்காணலுக்கு முந்தின இரவு
மீன் பொரித்த வாசம் ஏறிவிடும் என்று
அவன் கோட்டை இந்த நிலவறையில் தொங்கவிட்டு
பக்கத்தில் கதிரை போட்டுக் குந்தியிருந்தீர்.
"கள்ளர் வருவாங்களோ?" என்றேன்.
"வாசம் வரும்" என்றீர்.
அவனுக்கு இது தெரியாது.
எட்டுச் செலவன்று சொல்ல வாயெடுத்தேன்.
அவன் உம்முடைய மீன்பொரியலைப் பற்றியே
எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தான்.
விட்டுவிட்டேன்.

சண்டையும் பிடித்தோம்தானே.
சீட்டுக்காசு விஷயத்தில் பதினொரு நாள் பேச்சில்லை.
அப்போதும் என் சட்டைகள் மடிந்து வந்தன,
கொலர் மட்டும் உள்ளுக்குத் திரும்பி.

இந்த நடையில்தான் லெயானாவைக் கூடைக்குள் இருத்தி
ஏரிக் கப்பல் என்று இழுத்தீர்.
இடுப்பு நோவுக்கு
டொக்டரிடம் வேறு காரணம் சொன்னீர்.

போன கிழமை உலர்த்தியின் வடியை இழுத்தேன்.
சாம்பல் பஞ்சு. அதற்குள் நீளமாய் ஒரு நரைமுடி.
என் கம்பளிச் சட்டையிலிருந்து வந்திருக்கும்.
எறியவும் ஏலாமல் வைக்கவும் இடமில்லாமல்
இனிப்புத் தாளுக்குள் சுற்றினேன்.
அது இப்போது
என் கோட்டுப் பையில்.

மூன்றாம் மாடிக்கு வந்திருக்கிற டெமிர் பெண்ணுக்கு
இரட்டைப் பிள்ளைகள்.
நேற்று வாசலில் நின்று, தயங்கித் தயங்கி,
முழு நாளும் எனக்குத் தேவையா என்று கேட்டாள்.
நீர் அகராதி பார்த்து ஐந்து பிழையோடு கடிதம் எழுதி
வாங்கின செவ்வாய் அல்லவா?
அதுவரை எங்களுக்குக் கிடைத்தது
சனி இரவின் மிச்ச மணித்தியாலம்.
இல்லை என்று சொல்லத்தான் கதவைத் திறந்தேன்.
தோளில் பால் கக்கிய துணியோடு நின்றாள்.

காலையை அவளுக்கு விட்டேன்.
பின்னேரத்தில் அப்பரின் பெயரை வெட்டி
பரிமளகாந்தி என்று எழுதினேன்,
தமிழில், நீல மையால்.
வீட்டு மேலாளர் சத்தம் போடுவான், போடட்டும்.
சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போகிற லெயானா
எழுத்துக் கூட்டிப் பார்த்தாள்.
'ள'வில் தடுக்கி நின்று
"இது ஆர்?" என்றாள்.

அவளுக்கு நீர் அம்மம்மா மட்டும்தானே.
சொல்லத் தொடங்கினேன்.

இயந்திரம் இன்னும் ஏழு நிமிஷம் என்கிறது.