மூடியுள்ள வாளி

பிர்ச் மரத்தைக் காரத்தில் வேகவைத்து
வெள்ளை நாரைக் காகிதத்துக்கு அனுப்பியபின்
மிஞ்சும் குழம்பை
கறுப்புச் சாறு என்போம் எங்கள் ஆலையில்.
அழுகிய முட்டை நாற்றம்.
இருபத்திரண்டு வருடமாக
அதைக் கொதிகலனில் எரிப்பது என் வேலை.
போத்னியா வளைகுடா உறைந்தாலும் உருகினாலும்
என் அடுப்பு அணைந்ததில்லை.

சைமி வந்தாள், ஆய்வுக்கூடத்திலிருந்து,
மூடியுள்ள வாளியோடு.
"எரிக்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம் குடுங்க."
பால் வாங்க வந்தவளைப் போல.

அமிலம் சொட்டச் சொட்டச் சாறு திரிந்து
காப்பித்தூள் நிறத்தில் அடியில் படிந்தது.
லிக்னின் என்றாள்.
மரத்துக்கு வைரம் பாய்ச்சுவது இதுதானாம்.
இத்தனை நாள் வைரத்தையா
சுத்தியலால் தட்டித் தட்டி எரித்தேன்?

ஊசிமுனையில் ஒரு துளி.
பதினெட்டாயிரம் வோல்ட்.
துளி கூம்பாகி, கூம்பு இழையாகி,
கண்ணுக்குத் தப்பி,
சுழலும் உருளையில் பழுப்புத் துணியாக வந்து சேர்ந்தது.
தறியில்லை, கதிரில்லை.
மயிரில் நூறில் ஒரு பங்கு, என்றாள்.
நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டும்
துணியைத்தான் பார்த்தேன்.

முதல் தடவை அவசரப்பட்டாள்.
இழைகள் உருகி ஒட்டி, கருகிய பாகு.
இரண்டாம் தடவையும் பாகு.
மூன்றாவதுக்கு
நிமிடத்துக்கு ஒரு டிகிரி,
அதற்கு மேல் ஒரு பொட்டுகூட இல்லை;
நாற்காலியில் காலை மடக்கித் தூங்கினாள்.
பிறகு காற்றே இல்லாமல், நைட்ரஜனில், தொள்ளாயிரம்.

பத்து கிராம் போனது, நாலு திரும்பியது.
மீதி எங்கே என்றேன்.
புகைபோக்கியைக் காட்டினாள்.
அது எனக்குத் தெரிந்த வழி.

சட்டைப் பொத்தான் அளவில்
இரண்டு கறுப்பு வட்டம் வெட்டினாள்.
ஒன்றையொன்று தொடக் கூடாதாம்.
நடுவில் வைக்க ஒரு காகிதம்.
எங்கள் ஆலைக் காகிதம்!
மேலே ஊற்றியது
திரும்பவும் காரம்.
நாங்கள் பிரித்து அனுப்பிய இரண்டும்
அதே நனைவில், அதே நெருக்கத்தில்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவள் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தாள்.

ஒன்பது நொடியில் நிறைந்தது.
ஒன்பது நொடியில் காலியானது.
திரையில் முக்கோணம், முக்கோணத்துக்குப் பின் முக்கோணம்.
பத்தாயிரம் முறை பார்க்க வேண்டும் என்று
ஓடவிட்டுவிட்டு
கோடை விடுமுறைக்கு ஏரிக்குப் போய்விட்டாள்.
ஷிஃப்ட் முடிந்து இரண்டு தடவை
நான்தான் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன்.

இன்றைக்குத் திரும்பி வந்து
இரண்டு வாளி கேட்கிறாள்.
மூடி ஒன்றுதான் இருக்கிறது.