ஊதா வெளுக்க முப்பது நிமிடம்

இட்டமொழித் தேரியில்
காலை ஒன்பதுக்கே மணல் சுட்டது.
செருப்புக்குள் புகுந்து விரலிடுக்கில் ஏறியது சிவப்பு.
கொழுஞ்சி ஒரு பை.
குமட்டிக் கொடி ஒரு பை.
எருக்கின் வேர்ப்பட்டை அரைப் பை.
நாலாவது பைக்கு
உடைமர நிழல் முடிகிற இடத்தில்
தரையோடு ஒட்டிக் கிடந்தது
ஆடுதின்னாப்பாளை.

பிடுங்குவதைப் பார்த்தபடி நின்றார் உச்சிமாகாளி,
கூடவே முப்பது வெள்ளாடு.
முள்ளைக்கூட விடாமல் மேய்ந்தவை
இந்த இலையை மட்டும்
மூக்கால் தொட்டுவிட்டு விலகின.

"என்னத்துக்கு இது?"
"மருந்து இருக்கான்னு பாக்கோம், அண்ணாச்சி."
"ஆடே வேண்டாங்கு. ஆளுக்கு ஆவுமாக்கும்?"

பதில் சொல்லாமல்
பையின் மேல் எழுதினேன்:
மே பதினொன்று. மழை பெய்து
நூற்று முப்பது நாள்.

பாளையங்கோட்டை. மாடி ஆய்வகம்.
நிழலில் உலர்த்தி, பொடித்து, சலித்து,
மெத்தனாலில் மூன்று நாள் ஊறவைத்து
வடிகட்டினால்
குப்பியில் கரும்பச்சையாய் ஒரு மே மாதம்.

அந்த ஊதாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.
அலுமினியத் தாள் சுற்றி
இருட்டில் வைத்திருக்கிறோம் அதை.
அதன் ஒவ்வொரு மூலக்கூறும்
துணையில்லாத ஓர் எலக்ட்ரானோடு
யாரிடம் பிடுங்கலாம் என்று நிற்கிறது.
உவரிக் காற்றில்
என் வண்டியின் மட்கார்டைத் தின்ற பசிக்கு
இது தூரத்துச் சொந்தம்.
நறுக்கிய வாழைக்காயை
மோர்த்தண்ணீரில் போட மறந்தால் கறுக்கிறதே,
அதற்கும்.

கொடுக்கிறவர் வந்துவிட்டால்
ஊதா அடங்கும், மஞ்சளாகும்.
சோதனை அவ்வளவுதான்:
கொடுப்பது யார், எவ்வளவு, எத்தனை நிமிடத்தில்.

கொழுஞ்சி நிதானமாய்க் கொடுத்தது.
குமட்டி கடைசிவரை பிகு.
ஆடுதின்னாப்பாளையோ
கடிகாரத்தைப் பார்த்துத் திரும்புவதற்குள்
பாதி வெளுத்துவிட்டது.
ஐந்நூற்றுப் பதினேழு நானோமீட்டரில்
எண் சரியச் சரிய
"கட்டுரை ரெடி" என்றாள் ரெஜினாள்.

எனக்குத்தான் கை சும்மா இருக்கவில்லை.
அதே செடியின் விதையை
குழாயடித் தொட்டியில் முன்பே போட்டிருந்தேன்.
தினமும் தாமிரபரணித் தண்ணீர்.
தளதளவென்று வளர்ந்து நின்றது.
அதன் சாற்றை விட்டேன்.
அரை மணி கழித்தும்
ஊதா ஏறக்குறைய ஊதாவாகவே இருந்தது.

தொட்டிச் செடிக்கு என்ன கவலை.
தேரிச் செடிக்குள்
வெயில் தினமும் புகுந்து உடைத்தது.
உடைபடாமலிருக்க
தனக்கென்று காய்ச்சிக்கொண்டது அந்தக் கசப்பை.
நாம் அந்தக் கணக்கிலேயே இல்லை.

பிறகு அந்த வரைபடம் வந்தது.
பிரித்தெடுத்த சாற்றில்
இருக்கக் கூடாத இடத்தில் ஒரு கூர்முனை:
அரிஸ்டோலோக்கிக் அமிலம்.
சிறுநீரகத்தைச் சத்தமில்லாமல் சுருக்குவது.
ஊதாவை ஆற்றிய அதே இலையில்,
அதே மே மாதத்தில்.
கண்ணாடிக் குழாய்க்குச் சிறுநீரகம் கிடையாது.
அதனால் அது மஞ்சளாகி
மகிழ்ச்சியாக இருந்தது.

முடிவுரையில் ஒரு வரியை
நாலு முறை அடித்து எழுதினேன்.
'முந்தைய ஆய்வுகள்' என்ற தலைப்பின் கீழ்
முப்பது வெள்ளாடுகளைச் சேர்க்க
விதிமுறையில் இடமில்லை.

சாயங்காலம்
பஸ் ஸ்டாண்டில் சர்பத் சொன்னேன்.
கட்டைவிரலில் மதியம் சிந்திய ஊதா,
சோப்புக்குப் போகாதது.
கடைக்காரர் பிழிந்து போட்ட
எலுமிச்சை மூடி ஒன்றை எடுத்து
சும்மா தேய்த்தேன்.
நன்னாரி வாசத்துக்கும்
திசையன்விளை வண்டியின் ஹாரனுக்கும் நடுவே
நகத்தோரத்திலிருந்து மெதுவாக
மஞ்சள்.