ஏழாம் பிரேரணை

ஆறாவது, குளக்கட்டு வீதித் தெருவிளக்கு.
ஏழாவது,
"சபையின் மீத நிதியில் நாற்பது இலட்சத்தைக்
கிரிப்டோ நாணயத்தில் முதலிடல்."
தட்டச்சுச் செய்யும்போது
விரல் ஒருமுறை நின்றது.
எழுத்துப்பிழையாக்கும் என்று நினைத்தேன்.

அந்த நாற்பது இலட்சத்தை எனக்குத் தெரியும்.
சந்தைக் கடை வாடகை,
சைக்கிள் பாதுகாப்பு நிலையத்துப் பத்து ரூபாய்கள்,
இறைச்சிக்கடைக் குத்தகை,
மாங்குளம் சந்தியில் கச்சான் விற்கிறவள்
வெள்ளிக்கு வெள்ளி தருகிற ஐம்பது.
அவளின் தாளில் எப்போதும்
உப்பு ஒட்டியிருக்கும்.

யதுகுலன் எழும்பினான்.
"நிலையான வைப்பில போட்டம்.
போட்ட அண்டைக்கு அந்தக் காசுக்கு
ஒரு தண்ணி பவுசர் வாங்கலாம்.
ரூபாய் விழுந்த வருசம் எடுத்துப் பாத்தா
டாங்கியும் ரெண்டு சில்லும்தான் வரும்.
மிச்சத்தை ஆர் களவெடுத்தது?
வங்கி வாசலில காவலாளி நிண்டவர்தானே."

ஒருவரும் மறுக்கவில்லை.
பெற்றோல் வரிசையில் படுத்தெழும்பியவர்கள்தான்
அந்த மேசையைச் சுற்றிப் பதினாறு பேரும்.

தவிசாளர் செயலாளரைப் பார்த்தார்.
செயலாளர் சட்டப் புத்தகத்தைப் பார்த்தார்.
புத்தகத்தின் தாள்களை
மின்விசிறி தன்பாட்டில் புரட்டிக்கொண்டிருந்தது.

"விலை ஏறினா?"
"எல்லா ஒழுங்கைக்கும் தார் போடலாம்."
"இறங்கினா?"
"இப்பவும் கிறவல்தானே."
அப்போதுதான் சிரித்தார்கள்.

இராசமலர், முத்தையன்கட்டு வட்டாரம்,
கை உயர்த்தாமலே கேட்டார்:
"திறப்பு ஆரிட்ட இருக்கும்?"

"திறப்பில்லை அக்கா. பன்னிரண்டு சொல்லு.
எழுதி இரும்புப் பெட்டியில வைக்கலாம்.
அது துலைஞ்சா
உலகத்தில ஒருத்தராலும் எடுக்கேலாது.
அதுதான் அதின்ர பாதுகாப்பே."

"என்னட்ட ஏழு சொல்லு இருக்கு.
ரெண்டாம் வேம்பு. கிணத்துக்கு மேற்கு.
ஆறு முழம். இடுப்பளவு.
மனுசன் வலைஞர்மடத்தில வச்சுச் சொன்னது.
பதினாலு பவுண்.
ஒரு சொல்லும் மறக்கேல்லை, தம்பி.
திரும்பிப் போய்ப் பாத்தா வேம்பில்லை.
கிணறு தூந்து போச்சு.
மேற்கு மட்டும் கிடக்கு."

யதுகுலன் இருந்தான். பிறகும் எழும்பி,
"அதுக்குத்தான் அக்கா,
ரெண்டு மூண்டு இடத்தில எழுதி வைக்கச் சொல்லுறது" என்றான்.
குரலில் கோபமில்லை.
அந்த மாசியில் அவனுக்குப் பதின்மூன்று வயது.
அவன் வீட்டில் எதைப் புதைத்தார்கள் என்று
நான் கேட்டதில்லை.

ஆதரவு ஆறு. எதிர்ப்பு ஒன்பது.
ஒருவர் போன் கதைக்க வெளியே போயிருந்தார்.

"விடயம் விரிவாக ஆராயப்பட்டு நிராகரிக்கப்பட்டது"
என்று கூட்டறிக்கையில் எழுதினேன்.
வேம்பை எழுதவில்லை.
கணக்காய்வு அதற்கும் ஆதாரம் கேட்கும்.

எழுதாத இன்னொன்று:
இருபதாயிரம் ரூபாய்க்கு அந்த நாணயம்
என் போனுக்குள் இருக்கிறது.
பொங்கலுக்கு வாங்கினது, மனுசிக்குத் தெரியாது.
போன கிழமை பதினேழாயிரம்.
கூட்டம் முடிந்து மலசலகூடத்துக்குள் நின்று பார்த்தேன்,
இருபத்தொன்று.
சந்தோசந்தான். பொய் சொல்லேலாது.
என் காசு, என் நித்திரை,
இரண்டில் எது போனாலும்
தீர்மானம் நிறைவேற்றத் தேவையில்லை.

வெள்ளிக்கிழமை வருமானப் பரிசோதகர் லீவு.
பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு நானே சந்திக்குப் போனேன்.
கொழும்பு பஸ் ஒன்று புழுதியை எங்கள்மேல் விட்டுப் போனது.
கச்சான்காரி ஐம்பதை நீட்டினாள்.
"இந்தக் காசெல்லாம் எங்க போகுது?"

"வங்கியில கிடக்கு."

"கிடந்து?"

கார்பன் தாளைச் சரிபார்ப்பதுபோல்
குனிந்துகொண்டேன்.