நாய்க்குரிய பல்

உலான்பாதரின் வடக்கு மேட்டில்
சனவரிக் காலை, மணி ஒன்பது.
புகை இன்னும் எழுந்திருக்கவில்லை.
கம்பளிக் கூடாரங்களின் மேல்
படுத்தே கிடக்கிறது,
வேலைக்குப் போக மனமில்லாதவனைப் போல.

என் பையில்
பன்னிரண்டு மரக்கட்டைகள்,
ஒரு நிறுத்துக் கடிகாரம்,
எண்கள் அச்சிட்ட அட்டை,
பற்களுக்கென்று சின்னக் குப்பிகள்.

தொல்கோனுக்கு ஆறரை வயது.
நான் சொல்வதை அவன் திருப்பிச் சொல்ல வேண்டும்.
ஏழு, இரண்டு, ஒன்பது.
ஏழு, இரண்டு, ஒன்பது.
நான்கு, எட்டு, ஒன்று, ஆறு.
நான்கு, எட்டு...
அடுப்பைப் பார்க்கிறான்,
மிச்ச எண்கள் அதற்குள் விழுந்துவிட்டதுபோல.

உதட்டசைவால்கூடத் தாய் உதவக் கூடாது.
சரந்துயா கெண்டியின் பிடியை
இறுகப் பற்றியிருக்கிறாள்.
கடிகாரத்தை நிறுத்தினேன்.

இவன் அவள் வயிற்றில்
பதினோரு வாரமாய் இருந்தபோது
இதே கதவைக் குனிந்து கடந்து வந்தேன்.
ஒட்டிய உறையொன்றை நீட்டிப்
பிரிக்கச் சொன்னேன்.
சில உறைகளில் காற்று வடிகட்டி உண்டு,
சிலவற்றில் இல்லை.
எங்கோ ஒரு கணினி குலுக்கிப் போட்டது.
அவளுக்கு இல்லை.
வேலிக்கு அப்பால் கோங்கோர்சுல் வீட்டுக்கு உண்டு.
அந்த வெள்ளைப் பெட்டியை
நானேதான் தூக்கிப் போனேன்.
வேலிக் கதவைத் திறந்துவிட்டவள் சரந்துயா,
என் கைகள் நிறைந்திருந்ததால்.

குலுக்கல் நியாயமானது.
பயிற்சியில் அப்படித்தான் சொன்னார்கள்,
நானும் வீடு வீடாய் அப்படித்தான் சொன்னேன்.
யாரையும் தேர்ந்தெடுக்காத ஒன்றின் மேல்
எப்படிக் கோபப்படுவதென்று
அன்று அவள் கேட்கவில்லை.
இன்றும் கேட்கவில்லை.
கேட்டது வேறு:
'அந்த வீட்டுப் பிள்ளை
எத்தனை எண் சொன்னாள்?'

சொல்லக் கூடாது. கையெழுத்திட்டிருக்கிறேன்.
தவிர, ஒரு பிள்ளையின் கணக்கில் ஒன்றும் தெரியாது,
நூற்றுக்கணக்கில் கூட்டி வகுத்தால்தான்
புகை தின்றது எவ்வளவென்று தெரியும்.
இது உண்மைதான்.
உப்புத் தேநீரோடு
இந்த உண்மையையும் விழுங்கினேன்.

அப்புறம் பல்.
நேற்று விழுந்தது. தீப்பெட்டியில் வைத்திருக்கிறான்.
சொன்னேன்: பால்பல் கருவிலேயே தொடங்குகிறது.
நாளுக்கொரு மெல்லிய கோடு
தனக்குள் இழுத்துக்கொள்கிறது.
பிறந்த அன்று மட்டும் அழுத்தமாய் ஒன்று.
அதற்கு முன்னால் உன் அம்மாவின் மூச்சு,
பின்னால் உன்னுடையது.
எந்த மாதத்தில் எவ்வளவு ஈயம் என்பதையும்
அறுத்துப் படிக்கலாம் என்று
சொல்லவில்லை.

'ஆனால் இது பாவ்கையுடையது' என்றான்.

பாவ்கை வெளியே காத்திருந்தது,
கரடிப் பெயர் வைத்த குட்டி நாய்.
செம்மறியின் வால்கொழுப்பில் பொதிந்து
விழுந்த பல்லை நாய்க்குக் கொடுத்தால்
முளைக்கும் பல் நாயின் பல்லைப்போல்
உறுதியாய் இருக்கும்.
எனக்கும் அப்படித்தான் முளைத்தது.

ஏழு வருடமாய்ப் படிக்காமலே
கையெழுத்திட்டுத் தந்த படிவத்தைச் சரந்துயா எடுத்தாள்.
விரலை வரிமேல் வைத்து
உரக்கப் படித்தாள்:
'எப்போது வேண்டுமானாலும் மறுக்கலாம்,
காரணம் சொல்லத் தேவையில்லை.'
பிறகு கத்தியை எடுத்துக்
கொழுப்பில் ஒரு துண்டு நறுக்கினாள்.

காலிக் குப்பியை மூடினேன்.
'பெறாததன் காரணம்' என்ற கட்டத்தில்
நாய் தின்றுவிட்டது என்று எழுதினேன்.
நாய் இன்னும் தின்றிருக்கவில்லை.

'மேலே ஒன்று ஆடுகிறது' என்றாள்,
என் கோப்பையை நிரப்பியபடி.
'பனி உருகியதும் வா. அது உங்களுக்கு.'

வெளியே
கையுறையைக் கழற்றிவிட்டு
அவன் உள்ளங்கையை நீட்டிக்கொண்டிருந்தான்.
சப்புக்கொட்டும் சத்தம்.
அதன் பின்னே அவன் குரல்,
நாய்க்குச் சொல்லிக்கொடுப்பதுபோல நிதானமாக:
நான்கு, எட்டு, ஒன்று, ஆறு.

நேரம் முடிந்திருந்தது.
விதிப்படி அதற்கு மதிப்பெண் இல்லை.
பென்சிலைப் பையில் போட்டுவிட்டு
கதவருகே நின்று கேட்டேன்.
இன்னொரு முறையும் சொன்னான்.