மூன்று குன்றுகள்

சீனக்குடாவில் நின்ற கோதுமைக் கப்பலிலிருந்து
இறக்கிக்கொண்டு வந்த ஆளுக்குக் குடல்வால் வீக்கம்.
இரவு பதினொன்றே கால்.
பதிவுப் புத்தகத்தில் எழுதினேன்: அயாத்.
தலையாட்டினான், இல்லையென்று.
அயாட். இல்லை. ஐயாது.
வலியோடு சிரித்தான்.
தொண்டையின் அடியில், விழுங்குவதற்குச் சற்று முன்,
எங்கோ தொடங்கியது அவன் பெயர்.
அந்த இடத்துக்கு என்னிடம் எழுத்தில்லை.

அவனைத் தள்ளிக்கொண்டு போன பிறகு
அவன் நாட்டு எழுத்தன் ஒருவனை நினைத்தேன்.
மூவாயிரம் வருடம் மூத்தவன்,
நகர நூலகத்தில் அட்டை கிழிந்த புத்தகமொன்றில் பழக்கம்.
நைல் துறையில் சிரியப் படகுக்காரர்
தங்கள் சாமியின் பெயரைச் சொல்கிறார்கள்.
மை தொட்டுக்கொண்டு கேட்கிறான்:
இன்னொருக்கால் சொல்.

முதல் ஒலிக்கு ஒரு கால்.
தொண்டை ஒலிக்கு ஒரு முழங்கை
(அவனிடம் அது இருந்தது, கொடுத்துவைத்தவன்).
கடைசி லகரம்தான் இல்லை.
ரகரத்தின் வாயை வரைந்து ஒப்பேற்றினான்.
கால், கை, வாய்:
அந்நியக் கடவுள்
உறுப்பு உறுப்பாகக் கரையேறினார்.

பெயர் முடிந்தும் தூரிகை நிற்கவில்லை.
யாரென்று வாசிப்பவனுக்குத் தெரிய வேண்டுமே.
இடி, புயல், கடலோடு சண்டை என்றார்கள்.
அப்படியென்றால் நம்முடைய சேத் போலத்தான் என்று
நீண்ட மூக்கும் நறுக்கிய காதும்
விறைத்த வாலுமாய் ஒரு விலங்கைப்
பெயரின் பின்னால் குந்தவைத்தான்.
கும்பிட்டானா, பயந்தானா, தெரியாது.
இடம் கொடுத்தான்.

அதே சாமி தமிழ் வேதாகமத்துக்கு வந்தபோது
பாகால்.
தொண்டைக்குப் பதில் ககரம்;
லகரம் எங்களிடம் தாராளம்.
பாகாலுக்கு ஏன் கால் என்று கேட்டு
வகுப்புக்கு வெளியே நின்றவன் நான்.
இராமனையே முன்னால் ஓர் இகரம் பிடித்துவிட்டுத்தானே
உள்ளே எடுத்தோம்.

பன்னிரண்டரைக்கு நிஸ்மியா வந்தாள், கிண்ணியாக்காரி.
கடவுச்சீட்டின் அரபு வரியைப் பார்த்தாள்.
என் மூன்று பிழைகளையும் ஒரே கோட்டில் வெட்டி
எழுதினாள்: இயாழ்.

"ழகரமா?"
"ரமழானுக்குப் போடுறதுதானே."
"அது எங்களிடம் மட்டும் உள்ள எழுத்து."
"அவங்கட அந்த எழுத்தைப் பற்றி
அவங்களும் அப்படித்தான் சொல்றவங்க."
"தொண்டைச் சத்தத்துக்கு?"
"அதுக்கு ஒண்டும் இல்ல" என்றாள்,
பேனாவை மூடியபடி.

நாடு என்ற கட்டத்தில் எகிப்து.
அந்தப் பழைய எழுத்தனாயிருந்தால்
வேற்று மண் என்பதற்குப்
பெயரின் கடைசியில் மூன்று குன்றுகள் வரைந்திருப்பான்.
எந்த ஊரானாலும் அதே மூன்று.
புத்தகத்தின் தலைப்பில் ரப்பர் முத்திரை,
பாதி மை, பாதி வெறுமை:
திருகோணமலை.
மூன்று மலையென்று பொருள் சொல்வாருமுண்டு.
அவன் கண்ணுக்கு
நாங்கள் விலாசம் எழுதும்போதெல்லாம்
அந்நியர் என்று எழுதிக்கொள்கிறோம்.

மூன்றரைக்குக் கட்டில் முனையில் அட்டையைக் கொழுவினேன்.
மயக்கம் முழுதாய்த் தெளியவில்லை.
எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தான்,
வலப்பக்கமிருந்து,
ழகரத்தில் தொடங்கி.