எண் 213

புயல் கரைகடந்த மறுநாள்
மடகாஸ்கரின் கிழக்குச் சரிவில்
காப்பி மரங்களை எண்ணுகிறாள் வுவாஹிரானா.
சேற்றில் தகர எண்கள்,
ஆளைத் தொலைத்த செருப்புகள் போல.

குளிர்பெட்டியில் உறங்காது இந்த விதை.
காயவைத்தால் செத்துவிடும்.
மரமாய் நின்றால்தான் உண்டு.

தனிமரம் தோப்பாகாதாம்.
இங்கே தோப்பு முழுக்கத் தனிமரங்கள்.

இருநூற்றுப் பதின்மூன்று
வேரோடு சாய்ந்திருக்கிறது.
அது பிறந்த காட்டில் இப்போது நெல்.
ஒருமுறை வறுத்துக் குடித்துப் பார்த்தாள்:
ஒரே கசப்பு; தூக்கத்தைக்கூடக் கெடுக்கவில்லை.
எதற்கு ஆகுமென்று
இன்றுவரை எவருக்கும் தெரியாது.

விறகுக்கு வந்து நிற்கிறான் சுலுஃபு.
"பொறு" என்கிறாள்.
நிமிர்ந்து வளர்ந்த ஏழு குச்சிகளை மட்டும் நறுக்கி
ஈரச்சாக்கில் சுற்றி
தன் மழைக்கோட்டைக் கழற்றிப் போர்த்துகிறாள்.

"மீதியை எடுத்துக்கொள்."

மழை இன்னும் விடவில்லை.